திட்டு விழாத வீடு

நன்றி சொல்ல எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுகிறேன். எழுத்தில் குறை கண்டுபிடிக்க வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம். கதவு திறந்துதான் இருக்கிறது. அந்தக் கதவும் நான் போட்டது. தேக்கு.

திருவொற்றியூரில் மூன்று மாடி வீடு கட்டியிருக்கிறேன். எண்ணூர் பக்கம் நிற்கிற பெரிய பெரிய எண்ணெய் டாங்கிகளுக்கும் குழாய்களுக்கும் துரு சுரண்டிப் பெயிண்ட் அடிக்கிற காண்டிராக்ட் என்னுடையது. இன்ஜினீயரிங் படித்தவர்கள் என்னிடம் வேலை கேட்டு நின்றிருக்கிறார்கள். வேலையை வாங்கிக்கொண்டு, வெயில் தாங்காமல் ஓடியும் இருக்கிறார்கள். என்னைத் தூக்கிவிட்டது அப்பனும் இல்லை, மாமனும் இல்லை, சாமியும் இல்லை. இந்தக் கைதான்.

இப்படிப்பட்ட எனக்குத்தான் தினமும் காலையில் என் மருமகளின் போனில் ஒரு ஜிப்பாக்காரன் புத்தி சொல்கிறான். எழுந்ததும் படுத்த மெத்தைக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். குழாயைத் திறந்தால் தண்ணீருக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். வீட்டில் இருப்பவர்களின் அன்பான சொற்களுக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். மெத்தை நான் வாங்கினது. தண்ணீர் நான் போட்ட போரில் வருவது. மஞ்சளாக வருகிற அதைத் தெளிய வைக்கிற மெஷினும் நான் மாட்டினது. என் கைக்கு நானே கும்பிடு போட வேண்டுமா? அன்பான சொல் என்றானே, அதற்குத்தான் வருகிறேன்.

அவன் பேச்சு என் காதில் விழ ஆரம்பித்ததே போன வருஷம்தான். அதற்கு முன்னால் பல வருஷம் எனக்குக் காது மந்தம். மந்தம் என்றால், பக்கத்தில் டிரெய்லர் லாரி ஹாரன் அடித்தால் கேட்கும். மனுஷன் கத்தினால் பாதி கேட்கும். சாதாரணமாகப் பேசினால் வாய் அசைவது மட்டும் தெரியும்.

காதைத் தின்றது கப்பல். ராயபுரத்தில் இருந்த காலத்தில் ஹார்பரில் சிப்பிங் வேலைக்குப் போனேன். கப்பலின் பக்கச் சுவரில் துரு ஏறியிருக்கும். சுத்தியால் தட்டித் தட்டி அதை உதிர்க்க வேண்டும். இரும்பு மேல் இரும்பு, காலையிலிருந்து சாயங்காலம் வரை. வரிசையாக ஆட்கள் தட்டும்போது கப்பல் முழுக்க ஒரு கோயில் மணிக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும். அதில் பேச்சுக்கு இடமில்லை. கைச் சைகைதான். உள்ளங்கையைக் கீழே அழுத்திக் காட்டினால், கயிற்றைத் தளர்த்து, இறக்கு என்று அர்த்தம். முஷ்டியைத் தூக்கினால் நிறுத்து. சட்டைக் காலரைத் தொட்டால் மேஸ்திரி வருகிறார். விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோனால் சோறு வந்துவிட்டது.

காது போனபோது வீட்டில் முதலில் கத்திப் பார்த்தார்கள். நான் திருப்பிக் கத்தினேன். ஒரு நாள் என் மனைவி கத்துவதை நிறுத்திவிட்டு, அடுப்படி வாசலில் நின்று விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோனாள். நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே இல்லை. கல்யாணமான புதிதில் தூக்கத்தில்கூட நான் சைகை காட்டிக்கொண்டே படுத்திருப்பேனாம். பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதாம். அதற்குப் பிறகு எங்கள் குடித்தனம் கப்பல் பாஷையில்தான் நடந்தது. சம்பந்தி வீட்டார் தெருவில் வருவதைப் பார்த்தால் அவள் ரவிக்கைக் கழுத்தைத் தொட்டுக் காட்டுவாள். நான் வேட்டியைச் சரிசெய்துகொள்வேன்.

சிப்பிங் வேலையில் இன்னொன்று உண்டு. அதைச் சொல்லாமல் மீதி புரியாது.

தட்டுகிறவன் ஒரு பலகையில் உட்கார்ந்து கப்பல் சுவரை ஒட்டித் தொங்குவான். பலகையின் கயிறு மேலே தளத்தில் ஓர் இரும்புத் தூணில் சுற்றியிருக்கும். அந்தச் சுற்றைத் தளர்த்தி இறக்குவதும், இறுக்கி நிறுத்துவதும் மேலே இருக்கிறவன் வேலை. அவனைக் கயிற்றுக்காரன் என்போம். கீழே தண்ணீர், தண்ணீருக்கும் கப்பலுக்கும் நடுவில் நீ. கயிற்றுக்காரன் தூங்கினால் நீ இல்லை. அதனால் ஒரு வழக்கம் இருந்தது. ஓர் இடத்தைத் தட்டி முடித்து, வரிசையில் எல்லாச் சுத்தியும் ஓய்ந்ததும், அண்ணாந்து பார்த்து, கயிற்றுக்காரனைத் திட்ட வேண்டும். "கீறியாடா சனியனே?" அவன் உடனே திருப்பித் திட்ட வேண்டும். "இல்லாம எங்கடா பூடுவேன், கஸ்மாலம்?" திட்டு வந்தால் ஆள் முழித்திருக்கிறான், கயிறு கையில் இருக்கிறது. வராவிட்டால் வேலையை விட்டுவிட்டு ஏற வேண்டும். நன்றி மட்டும் சொல்லவே கூடாது. கப்பல் முடிந்து எல்லோரும் பிரிகிற அன்றைக்குத்தான் கயிற்றுக்காரனுக்கு நன்றி. நடுவில் சொன்னால் 'என் வேலை முடிந்தது, கயிற்றை விடு' என்று அர்த்தம்.

என் கயிற்றுக்காரன் வண்ணாரப்பேட்டை ஆள். அவன் வாயில் வந்த மாதிரி வசவு நான் வேறெங்கும் கேட்டதில்லை. உருதுவில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பான். ஒரு தடவை அவன் காய்ச்சலில் படுத்ததும் வேறொரு ஆளைப் போட்டார்கள். தெற்கே இருந்து வந்த நல்ல மனுஷன், பெரியவர்களிடம் பணிவு. நான் கீழே இருந்து திட்டினால், "இருக்கேங்கண்ணே" என்றான். அடுத்த தடவை சத்தமே இல்லை. அண்ணாந்து பார்த்தால் ஆளே இல்லை. கயிற்றை மரியாதையாக ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறான். முடிச்சு நழுவுவது பலகையில் தெரிந்தது. பக்கத்துப் பலகையின் கயிற்றைப் பிடித்துக் கையாலேயே மேலே ஏறினேன். இன்றைக்கு ஜிம்முக்குப் போகிற எவனாவது ஏறட்டும், பார்க்கலாம். ஏறிப் போய் அவனை அறைந்தேன். "மன்னிச்சுக்கோங்கண்ணே" என்றான். அதற்கும் ஒன்று விட்டேன்.

சரி. காதுக்கு வருகிறேன். இப்போது காண்டிராக்டைப் பார்த்துக்கொள்வது என் மகன்; அனல் மின் நிலையத்துச் சாம்பல் பறக்கிற இடத்தில் நான் சும்மா போய் நின்று மேற்பார்வை பார்ப்பதோடு சரி. ஒரு நாள் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் காதுக்கு மெஷின் மாட்டிவிட்டான். கொண்டைக்கடலை அளவு இருக்கும். வெளியே வந்ததும் உலகம் என் மேல் பாய்ந்தது. என் செருப்பு இவ்வளவு சத்தம் போடுகிறது என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்தால் ஃபிரிட்ஜ் முனகுகிறது, ஃபேன் முனகுகிறது. எல்லாவற்றையும் விட அதிகமாக முனகினது அடுப்படி.

என் மனைவி அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்று பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பற்றித்தான்.

"தோ, எய்ந்துட்டாரு தொர. பல்லு வெளக்கறதுக்குள்ள காபி வோணும். குட்த்தா சூடும்பாரு, ஆத்திக் குட்த்தா ஆறிப் போச்சிம்பாரு. இந்த வாய்க்கு இன்னாத்த ஊத்தறது?"

நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை; மெஷினில் வெறும் இரைச்சல்தான், பேச்சு கேட்கவில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அவள் திரும்பி, வழக்கம்போல் விரல்களைக் குவித்துச் சைகை காட்டினாள். முகத்தில் ஒன்றும் இல்லை. பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது முகம்.

அடுத்தடுத்த நாட்கள் அடுப்படிக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பேப்பர் படிக்கிற மாதிரி. நான் பேப்பர் படிக்கிறவன் இல்லை என்பதுகூட அவளுக்குச் சந்தேகம் கிளப்பவில்லை.

"நேத்தெல்லாம் இருமிகினே கீது. சாம்பல்ல போயி நிக்காதன்னா கேக்குமா கெய்வன்? மாஸ்க்கு பாக்கெட்ல கீது, மூஞ்சில இல்ல. செத்தா என் தலயிலதான விய்யும்."

இன்னொரு நாள் மீன் அலசும்போது:

"முள்ள எட்த்து வெச்சா 'எனுக்கு எடுக்கத் தெரியாதா'ம்பான். எடுக்கலன்னா தொண்டையில மாட்டிகினு வூட்டையே கூட்டுவான். பேமானி."

என் ரத்தம் கொதித்தது. கெய்வன். பேமானி. செத்தா. இந்த மூன்று சொல்தான் என் காதில் நின்றது. நான் கட்டின வீட்டில், நான் வாங்கிப் போட்ட கிரானைட் மேடை மேல் சாய்ந்துகொண்டு, இத்தனை வருஷம் என் முதுகுக்குப் பின்னால் இதுதான் நடந்திருக்கிறது. காது கேட்காதவனை வைத்துக் கச்சேரி நடத்தியிருக்கிறாள். அந்த ஜிப்பாக்காரன் சொன்ன அன்பான சொல் இதுதானா என்று, மருமகளின் போனைப் பிடுங்கி அவனையே கேட்கலாம்போல் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியும் அவர் சம்சாரமும் சாப்பிட வந்திருந்தார்கள். கூடத்தில் உட்கார்ந்து, வீடு கட்டின கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது நல்ல கதை; எத்தனை தடவை சொன்னாலும் தாங்கும். தரையைச் சொல்லி முடித்துக் கதவுக்கு வருகிறேன், அடுப்படியிலிருந்து முனகல் வருகிறது.

"இப்ப தேக்குக் கதவு வரும் பாரு."

எழுந்தேன். சம்பந்தி பயந்துவிட்டார். நேராக அடுப்படி வாசலுக்குப் போய் நின்று, அவள் பேசினதையெல்லாம் அவள் குரலிலேயே பேசிக் காட்டினேன். தொர, கெய்வன், பேமானி, செத்தா தலயில விய்யும், ஒன்றையும் விடவில்லை. எனக்கு ஞாபக சக்தி அதிகம்.

அவள் கையில் கரண்டி. குழம்பு சொட்டிக்கொண்டிருந்தது.

"கேட்டுகினா இருந்த?" என்றாள்.

"மெஷின் மாட்டின நாள்லேர்ந்து."

"அத்தினி நாளும் வாயத் தொறக்காம குந்திகினு இருந்த?"

"என் வூட்ல நான் எங்க வேணா குந்துவேன். இனிமே இந்த வூட்ல என்னப் பத்தி ஒரு சத்தம் வரக் கூடாது. சொல்ட்டேன்."

என் காதைப் பார்த்தாள். கரண்டியை வைத்தாள். "சரிங்க" என்றாள்.

எங்கள் கல்யாணத்திலிருந்து அன்று வரை அவள் வாயில் 'ங்க' வந்து நான் கேட்டதில்லை.

நான் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். மறுநாள் காலையில் காபி வந்தது. சூடும் இல்லை, ஆறலும் இல்லை. "காபி வெச்சிருக்கேங்க." மீன் வந்தது, முள் எடுத்து. முனகல் இல்லை. கைச் சைகையும் இல்லை. சட்டை இஸ்திரி போட்டுக் கட்டில் மேல் இருந்தது. மாஸ்க் துவைத்து மடித்துப் பக்கத்தில் இருந்தது. அதைப் போடாமல் வேண்டுமென்றே அவள் எதிரில் கிளம்பிப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. சாம்பாரில் உப்புக் கரிக்கிறது என்று பொய் சொன்னேன். "மாத்தி வெக்கறேங்க" என்று எடுத்துக்கொண்டு போய் வேறு வைத்தாள். மகன் மெதுவாக நடந்தான். மருமகள் போனில் ஜிப்பாக்காரனின் சத்தத்தைக் குறைத்துவிட்டாள். நான் கட்டின வீட்டில் ஃபிரிட்ஜும் ஃபேனும் மட்டும் என்னோடு பேசின.

மெத்தை அதேதான், குளிரூட்டுகிற மெஷின் அதேதான். ஒன்றும் உடம்பில் ஒட்டவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பலகையில் தொங்குகிற மாதிரி இருந்தது. மேலே கயிற்றை யாரோ முடிச்சுப் போட்டுவிட்டுப் போய்விட்ட மாதிரி. அந்தப் பணிவான ஆளின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. அறையலாம் என்றால் இங்கே யாரை அறைவது?

கோபத்தோடு ஆட்டோ பிடித்து ராயபுரம் போனேன். என் பழைய கயிற்றுக்காரன் அங்கே கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடை வைத்திருக்கிறான். வயசு ஆனாலும் வாய் அப்படியே இருக்கிறது.

"இன்னாடா கஸ்மாலம், செத்துட்டியா இல்லியான்னு ஊரே பந்தயம் கட்டிகினு கீது. நீ செத்துட்டன்னு நான் கட்டிகீறேன். தோக்க வெச்சிட்டியே."

"வூட்ல ஒரே பேஜாருடா தோஸ்து."

நடந்ததைச் சொன்னேன். தார்ப்பாய்க் கட்டு மேல் சாய்ந்து இருமல் வருகிற வரை சிரித்தான்.

"சம்பந்தி முன்னாலயா பேசிக் காட்டின? அதும் அவ கொரல்லயா?"

"என்ன கெய்வன்னாடா அவ."

"பின்ன இன்னா, நீ வயசுப் புள்ளையா? கண்ணாடி வாங்க துட்டு இல்லியா உன்னாண்ட?"

"அத வுட்ரா. இப்ப மரியாதையா பேசறா. காபி வெச்சிருக்கேங்கன்றா."

சிரிப்பை நிறுத்தினான். "ங்கவா?"

"ங்க."

"பூட்ச்சு போ." கடை வாசலைப் பார்த்தான். "என் வூட்ல எல்லாம் ங்கதான். என் பொஞ்சாதி போனப்பறம் மருமவளுங்க வந்து, 'அத்தா, சாப்ட்றீங்களா'ன்னு கேக்குதுங்க. வோணாம்னா 'சரிங்க அத்தா'ன்னு எட்த்துகினு பூடுதுங்க. அவளா இருந்தா தட்டாலயே மண்டையில போட்டு துன்ன வெப்பா. மரியாதையிலயே பட்டினி கெடக்கறேன்டா, நாயே."

"இப்ப நான் இன்னா பண்றது?"

"என்னக் கேட்டா? கயிறு வோணுமா, வெட்டித் தர்றேன். புத்தி விக்கற கட இது இல்ல. எய்ந்து போடா, யாவாரத்துக்குக் குறுக்க குந்திகினு."

எழுந்து வந்தேன். வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அந்த வாரத்தில் அன்றைக்குத்தான் எனக்குப் பசித்தது.

வீட்டுக்கு வந்தபோது அவள் அடுப்படியில் சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். நாற்காலியை இழுத்து வாசலில் போட்டு உட்கார்ந்தேன். மெஷினைக் காதிலிருந்து கழற்றி, கிரானைட் மேடையில், மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஃபிரிட்ஜ் நின்றது, குழாய் நின்றது, வீட்டுக்குப் பின்னால் போகிற கூட்ஸ் வண்டி நின்றது. அவளைப் பார்த்து உள்ளங்கையைக் கீழே அழுத்திக் காட்டினேன். கயிற்றைத் தளர்த்து.

அவளுக்குப் புரிந்தது. புரிந்தும் உதடு அசையவில்லை. மெஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கையைக் கழுவிப் புடவையில் துடைத்துக்கொண்டு மெஷினை எடுத்தாள். குப்பைக் கூடையில் போடப் போகிறாள் என்று நினைத்தேன். என்னிடம் வந்து என் காதில் மாட்டினாள். முதலில் தப்பாக மாட்டினாள். மண்டைக்குள் கீச்சென்று விசில் அடித்தது. பிறகு சரியாக உட்கார்ந்தது. அவள் விரலில் மீன் வாடை.

"கேக்குதா?"

"கேக்குது."

"யோவ், நல்லா கேட்டுக்கோ. இனிமே அடுப்பப் பாத்துகினு திட்ட மாட்டேன். உன் மூஞ்சப் பாத்துதான் திட்டுவேன். காதுல வாங்கினு குந்து. நடுவுல எய்ந்து போன, மீன நாய்க்குப் போட்டுட்டு என் தங்கச்சி வூட்டுக்குப் பூடுவேன்."

"ம்."

ஆரம்பித்தாள். தேக்குக் கதவில் ஆரம்பித்தாள். "கதவு கதவுன்றியே, அதத் தெனம் காலைல தொறக்கறது யாரு? தொடைக்கறது யாரு? சாம்பல் வந்து அப்பி அப்பி ஒட்டிகினு கீது, ஒரு நாள் துணி எட்த்துகீறியா நீ?" மாஸ்க்குக்கு வந்தாள். இருமலுக்கு வந்தாள். நான் அவள் குரலில் பேசிக் காட்டினது அவள் குரல் மாதிரியே இல்லை, ஆடு கத்தின மாதிரி இருந்தது என்றாள். அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"நீ மட்டும் இன்னாமே? ரேடியோ மாரி ஓயாம..."

"ஆமா, ரேடியோதான். உனுக்குன்னு ஓடினு கீற ரேடியோ. நிறுத்தினா தெரியும்."

"நிறுத்தினியே, தெரிஞ்சிதே!"

அது எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அவள் கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். அப்புறம் இன்னும் சத்தமாகத் தொடர்ந்தாள். நானும் விடவில்லை. மகனும் மருமகளும் மாடியிலிருந்து ஓடி வந்தார்கள்.

"நைனா, இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. போயி வேலயப் பாரு" என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சொன்னோம்.

நன்றி என்ற சொல்லை அன்றும் நான் சொல்லவில்லை, இனியும் சொல்ல மாட்டேன். கப்பல் இன்னும் முடியவில்லை. ஜிப்பாக்காரன் எத்தனை காலை பேசினாலும் சரி. மெத்தையும் தண்ணீரும் நான் சம்பாதித்தது என்பதில் ஒரு எழுத்துக்கூட மாற்றமில்லை. இது மட்டும் நான் சம்பாதித்தது இல்லை. காண்டிராக்ட் எடுத்துக் கொண்டுவந்தது இல்லை. நான் கேட்காமல், எனக்குக் கேட்காமல், காலையும் மாலையும் அந்த அடுப்படியில் என் பெயரில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இருமலிலிருந்து மீன் முள் வரைக்கும் என்னை ஒருத்தி பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அதை ஒப்புக்கொள்வதற்கு எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. எரிச்சலோடு எழுதுகிறேன்.

"பச்ச மொளகா வாங்கியாரச் சொன்னேனே, இன்னா ஆச்சு?" என்றாள்.

"எப்பமே சொன்ன? ஒரு வாரமா பேசவேயில்ல நீ."

"மனசுல சொன்னேன். அதுக்கும் ஒரு மெஷினு வாங்கி மாட்டிக்கோ."

பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவள் பால்கனிக்கு வந்துவிட்டாள். செருப்பை மாற்றிப் போட்டிருக்கிறேனாம். மாஸ்க் எங்கேயாம். முத்தின மிளகாயாகப் பொறுக்கிக்கொண்டு வந்தால் மூஞ்சியில் அரைத்துப் பூசுவாளாம். எதிர் வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். தெருமுனையில் டிரெய்லர் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே குறுக்கே போனது. அதற்கு மேலும் அவள் குரல் கேட்டது.

நின்று, திரும்பி, அண்ணாந்து பார்த்தேன்.

"கீறியாமே சனியனே?" என்று கத்தினேன்.

"இல்லாம எங்கய்யா பூடுவேன்? கட மூடிடுவான், நடய்யா!"

மெதுவாகத்தான் நடந்தேன்.